ரத்தத்தில் ஊறியது

தேசிங்குவின் ரத்தத்தில் தலைமை அளவுக்கு மீறி இருக்கிறது என்று அரசாங்கக் குரலே அறிவித்த அன்று, பழைய பேட்டரி உடைக்கும் அந்தக் கம்பெனியில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக பேட்டரியைப் பிளந்து ஈயத்தட்டு உருவிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரே நாளில் சால்வை, சுழல்நாற்காலி, சூப்பர்வைசர் பதவி எல்லாம் கிடைத்தன. ஈயம் உருக்குகிற உலைக்கூடம் முழுக்க இனி அவர் பொறுப்பு. நாற்காலியையும் அங்கேயே போட்டுவிட்டார்கள், உலைக்குப் பக்கத்தில்.

நான்காம் நாள் அவர் மனைவி என் ஜன்னலுக்கு வந்தார்.

என் ஜன்னல் என்றால் மாவட்ட ஒலி அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னல். மேலே 'உச்சரிப்புக் குறை கேட்புப் பிரிவு' என்று பலகை. பிரிவு என்றால் பிரிவு முழுக்க நான் ஒருவன்தான். இருதயராஜ், முன்னாள் கல்லூரி இங்கிலீஷ் வாத்தியார்.

"பேர் சொல்லுங்க."

"வேண்டா."

"பேர் சொல்லாம குறை எடுக்க முடியாதும்மா."

"பேருதான் சார். வேண்டா. எங்கப்பனுக்கு நாலாவது பொண்ணு நானு. போதும்னு சாமிக்குப் புரியட்டும்னு வெச்சாரு."

"சரி, வேண்டாம்மா" என்றேன்.

கதவோரம் நின்ற காவலாளி உடனே பாய்ந்து வந்தார். "நட, நட. சார்தான் வேண்டாம்மான்றாரு இல்ல, அப்புறம் இன்னா?" அந்த அம்மாளைப் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தேன். மனுஷன் காதே இப்படி என்றால் மெஷின் காதைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வேண்டா தன் போனை ஜன்னல் வழியே நீட்டினார். அதில் செந்நா என்கிற அந்த அரசாங்கக் குரல், திருமண அழைப்பிதழ் வாசிப்பது மாதிரி: "தேசிங்குவின் இரத்தத்தில் தலைமை தொண்ணூற்றிரண்டு. மிக மிக உயர்வு."

"அவருக்கு வயித்துல முறுக்கி முறுக்கி வலி சார். சோறு எறங்கல. வெச்ச சாமான் வெச்ச எடம் தெரியல. கை இப்படித் தொங்குது" என்று மணிக்கட்டைத் தளரவிட்டுக் காட்டினார். "இதுக்கு எதுக்கு சார் லட்டு?"

எனக்குப் புரிந்துவிட்டது.

செந்நாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளச் சான்றிதழ்கள் பெருத்துப்போய், அசலைக் காட்டினாலே ஆளைப் பிடித்து உள்ளே வைக்கிற நிலை வந்தபோது, அரசாங்கம் காகிதத்தையே ஒழித்தது. இனி செந்நா என்கிற மெஷின் வாயால் சொல்வதுதான் பதிவு, மற்றதெல்லாம் வம்பளப்பு. மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. ஆகவே எதையும் முதலில் இங்கிலீஷில் எழுதும். எழுதியதைத் தானே உரக்கப் படிக்கும். படித்ததைத் தானே காதால் கேட்டுத் தமிழில் சொல்லும். தன் வாயில் வருவதைத் தவிர வேறெதையும் அதன் காது நம்பாது. நம் பிரமுகர்கள் பலருக்கும் உள்ள பழக்கம் என்பதால் யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

"தப்பு எங்க சார் ஆவுது?" என்றார் வேண்டா.

"இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைம்மா. எல், இ, ஏ, டி. லீட்னு படிச்சா தலைமை தாங்கறது. அதே நாலு எழுத்தை லெட்னு படிச்சா ஈயம். உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல இருக்கறது ஈயம். மெஷின் லீட்னு படிச்சிட்டுது."

"அவ்ளோதானா? நம்ம 'கதை' மாதிரின்னு சொல்லுங்க."

"எந்தக் கதை?"

"கூத்துல பீமன் தோள்ல தூக்கினு வர்றதும் கதைதான். கட்டியக்காரன் நம்மகிட்ட உடறதும் கதைதான். எழுதினா ஒண்ணு. ஒருத்தனும் கொழம்பறதில்லியே சார்."

"ஆள் படிச்சா குழம்பாது. மெஷின் குழம்பிடும்னு, ஒரு எழுத்துக்கூட்டலுக்கு ஒரே ஒலின்னு சட்டம் போட்டு, ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டாங்க."

"எவன் சார் எடுத்தான்?"

"ஒரு குழு."

"அதுல இங்கிலீஷ் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லியா?"

நான் பேனா மூடியைத் திருகிச் சரிபார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

குழுவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். தலைவர் முனைவர் ஆராவமுதன். 'ஒலிச்செம்மல்' என்ற பட்டத்தைத் தாமே நிறுவிய மன்றத்தின் மூலம் தாமே பெற்றுக்கொண்டவர். ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய கூடத்தில் ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களுக்குத் தீர்ப்பு எழுதினோம். இந்தச் சொல் வந்தபோது மணி ஒன்றரை. பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வாசனை. "தலைமை என்பதே அரசுக்குரிய பொருள். ஈயத்தை யார் தேடப் போகிறார்கள்? ஈயத்துக்காகக் கை தூக்குபவர் உண்டா?" என்றார் செம்மல். நான் தூக்கவில்லை. என் மணிக்கட்டில் ஒரு கோளாறும் கிடையாது. அது வேறு வியாதி.

அடுத்த சொல் ஆர், இ, எஃப், யூ, எஸ், இ. ரிஃப்யூஸ் என்றால் மறுப்பது. ரெஃப்யூஸ் என்றால் குப்பை. "அரசிடம் யார் மறுக்கப் போகிறார்கள்? குப்பைதான் தினமும் சேரும். குப்பை!" என்றார். கைதட்டினோம். சாப்பிடப் போனோம்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் டாக்டர் ஹமீதாவைப் பார்த்தேன். அறிக்கையைக் கேட்டதுமே அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஈறுல நீலக்கோடு, தொங்கற கை. இதுக்கு மெஷின் எதுக்கு சார், எங்க வார்டு ஆயாவே சொல்லிடுவாங்க. ஈயம்."

"ஊசி போட்டுடலாமே டாக்டர்?"

"எனக்குத் தெரியுது. பெட்டிக்குத் தெரியணுமே." சுவரில் பதித்திருந்த இரும்பு மருந்துப்பெட்டியைக் காட்டினார். "நோயாளி பேரும் நோய் பேரும் செந்நா வாயால ஒரே மூச்சில் வந்தாத்தான் இது திறக்கும். ஈயம் இல்லாட்டி காரீயம், ரெண்டுல ஒண்ணு வரணும். தலைமைக்கு என்ன ஊசி போடறதுன்னு இதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"எத்தனை நாள் தாங்கும்?"

"உலைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வெச்சிருக்காங்களாமே. மூளைக்கு ஏறாம இருக்கிற வரைக்கும்."

நான் இங்கிலீஷ் வாத்தியார் அல்லவா, புத்திசாலித்தனம் செய்தேன். அறிக்கையில் நடுவிலுள்ள ஏ-யை எடுத்துவிட்டு எல், இ, டி என்று எழுதும்படி டாக்டரிடம் சொன்னேன். அப்படி எழுதினால் லெட் என்று படித்துத்தானே ஆக வேண்டும்? செந்நா கணீரென்று சொன்னது: "தேசிங்குவின் இரத்தத்தில் எல்.இ.டி. விளக்கு மிகுதியாக உள்ளது." அந்த மூன்றெழுத்தை விளக்கு என்றே படிக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் எங்கள் குழுதான். கம்பெனி வாசலில் 'தொழிலாளர் வாழ்வின் ஒளிவிளக்கே!' என்று பேனர் முளைத்தது. மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் தேசிங்கு வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்தார்.

டாக்டர் ஹமீதா அடுத்த யோசனை சொன்னார். வார்த்தையே வேண்டாம், வேதியியல் குறியீடு போதும். ஈயத்துக்குப் பெரிய பி, சின்ன பி. செந்நா படித்தது, கேட்டது, சொன்னது: "தேசிங்குவுக்கு பி.பி. அதிகம்." பெட்டி பட்டென்று திறந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீட்டியது. இதற்கு இங்கிலீஷைத் திட்டிப் பயனில்லை. ஈயத்தின் பி.பி.யும் ரத்தக்கொதிப்பின் பி.பி.யும் அங்கே முன்பின் மாறிய எழுத்துகள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. நம் எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

"இதுக்குத்தான் இத்தினி வருஷம் படிச்சீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார் வேண்டா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

இதற்கிடையில் தேசிங்கு தலைவராகிக்கொண்டிருந்தார். எரிந்து விழுந்தார், தலைவர்களுக்குரிய முன்கோபம் என்றார்கள். காலையில் சொன்னது மாலையில் மறந்தது, தலைவர்களுக்குரிய மறதி. எல்லாரையும் சந்தேகப்பட்டார், தேர்ச்சி. கையைத் தூக்கினால் மணிக்கட்டு தொங்கும். கும்பிட வந்தவர்கள் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு குனிந்தார்கள். வட்டச் செயலாளர் ஒருவர் வந்து, "ரத்தத்திலேயே ஊறினதுங்க. எங்க பக்கம் வந்துடுங்க" என்று சால்வை போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.

கடைசி வழி, குடும்பத்தார் தரும் மனு. வேண்டாவைச் செந்நாவின் கூண்டுக்குள் நிறுத்தி, பேரையும் குறையையும் சொல்லவைத்தேன். பேரை அப்படியே வைக்கத் தெரியாத மெஷின், அதையும் இங்கிலீஷ் ஆக்கியது. வேண்டா என்றால் மறுப்பு. மறுப்பு என்றால் ஆர், இ, எஃப், யூ, எஸ், இ. அதைப் படித்தது. கேட்டது. சொன்னது.

"மனுதாரர்: குப்பை. மனு, கழிவுப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது."

அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். அன்று மத்தியானம் முனைவருக்கு ஏழு பக்கம் எழுதி அனுப்பினேன். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று செந்நாவின் குரலில் பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து வேண்டா மறுபடி வந்தபோது ஜன்னல் வரைக்கும் வரவில்லை. நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். காவலாளி தடுக்கவில்லை. முகம் அப்படி.

"சார், ரேஷன் கார்டுல பேர் சேர்க்க எட்டு மாசம் அலைஞ்சவ நானு. குப்பைன்னு பதிவானதும் மறுநாள் காலைல ஏழு மணிக்கு வாசல்ல வண்டி நிக்குது!"

"மன்னிச்சிடுங்கம்மா..."

"அத்த உடுங்க. வண்டியில வந்தவரு பேரு குப்புராஜு. குப்பை எங்கன்னாரு. நான்தான்னேன். பாவம், தலையில அடிச்சிக்கினாரு. கையில துப்பாக்கியாட்டம் ஒண்ணு வெச்சிருந்தாரு. எந்தக் குப்பையா இருந்தாலும் அத்த வெச்சி, உள்ள இன்னா உலோகம் கீதுன்னு பாத்துட்டுத்தான் தொடணுமாம். ஈயம் காட்டுமான்னு கேட்டேன். ஏழாம் நம்பர் உழும்மா, காரீயம்னு சொல்லும்னாரு."

நான் நிமிர்ந்தேன். "காரீயம்னா? தமிழ்லயே?"

"தமிழ்லயேதான். அந்தக் காலத்துப் பட்டியலாம். எவனும் கை வெக்கலியாம்."

வைத்திருக்க மாட்டார்கள். மருத்துவத்துக்குக் குழு போட்டோம், கல்விக்கு, நீதிக்கு, விவசாயத்துக்கு. குப்பைக்கு யார் குழு போடுவார்கள்? அந்தக் கருவி படிப்பதில்லை, கேட்பதில்லை. உலோகத்தைப் பார்த்து நம்பரைத் தருகிறது. நம்பருக்கு எதிரே யாரோ ஒரு குமாஸ்தா என்றோ தமிழில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். செந்நா அதை அப்படியே ஒப்பித்தாக வேண்டும்.

"எங்க ஊர்ல," என்றார் வேண்டா, "புள்ள பொறந்து பொறந்து தங்கலன்னா, அடுத்ததைக் குப்பைமேட்டுல பொரட்டி எடுத்து குப்பு, குப்பம்மான்னு பேர் வெப்பாங்க. எமன் வந்து பாத்தா குப்பைன்னு நெனச்சி உட்டுட்டுப் பூடுவான். அந்தக் குப்புராஜுகூட அப்படிப் பொழச்சவருதான், கேட்டுட்டேன். எங்க வூட்டுக்காரரையும் குப்பையாக்கிடுங்க சார்."

சட்டத்தில் இடம் இருந்தது. பதவி உயர்வை எந்தத் தொழிலாளியும் செந்நாவின் முன் மறுக்கலாம். ஒரே நிபந்தனை: தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேசிங்கு வீட்டிலும் சால்வையோடுதான் இருந்தார். "வா வாத்தியாரே, ஒக்காரு" என்றார். இரண்டு நிமிஷத்தில் "யாரு நீ?" என்றார். மறுபடி சொன்னேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"நான் குப்பைன்னு பதிவாவணுமா?" குரல் தணிந்துதான் வந்தது. "வாத்தியாரே, இருபத்திரண்டு வருஷம் அந்த கேட்டுல என் பேரு 'டேய்'. காண்டீன்ல உக்காந்து துன்ன உடமாட்டானுங்க, கையில ஈயம்னு. இப்ப மேனேஜரு எழுந்து நிக்கறாரு. ஐயான்றாரு. அது பொய்னே இருக்கட்டும். நல்லா கீது. அத்த உட்டுட்டு, நான் குப்பைன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

வேண்டாதான் பேசினார்.

"எங்கப்பன் என்னை வேண்டான்னாரு. நாப்பத்தோரு வருஷமா அந்தப் பேரைச் சொல்லிக்கினு தெருவுல நடக்கறேன். செத்தா பூட்டேன்?"

டீ வந்தது. தேசிங்கு டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை போனது, விரல்கள் கூடவே போகவில்லை. டம்ளர் சாய்ந்தது. வேண்டா மீதி டீயை அவர் வாயருகே பிடித்தார். வெளியே யாரோ "தலைவர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"குப்பை வண்டி எத்தினி மணிக்கு வருமாம்?" என்று கேட்டார் தேசிங்கு.

"ஏழு."

"அந்தக் கோடு போட்ட சட்டையைத் தேச்சி வையி."

திங்கட்கிழமை கூண்டில் நின்று சொன்னார்: "தேசிங்கு ஆகிய நான் மறுக்கிறேன்." அப்படியே திருப்பிச் சொன்னது மெஷின்: "தேசிங்கு ஆகிய நான் குப்பை." சால்வையை மடித்துக் கூண்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஏழுக்கு வண்டி. குப்புராஜ் கருவியைத் தேசிங்குவின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வைத்தார். ஏழு என்று விழுந்தது. செந்நா அறிவித்தது: "தேசிங்கு. குப்பை. அறுபத்திரண்டு கிலோ. காரீயம் கலந்தது. முழுதும் நீக்கும்வரை உலைக்கூடத்தில் வைக்கக் கூடாது." பதினொரு நாளாக நாங்கள் பிச்சை கேட்ட வாக்கியம்.

"ரூல்படி பின்னாடிதான் ஏத்தணும்" என்றார் குப்புராஜ், முன்கதவைத் திறந்துவிட்டு. "ஏறுங்கண்ணே. ரூலைப் பின்னாடி உக்கார வெச்சிக்கலாம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா அந்தப் பதிவை இரும்புப்பெட்டியின் முன் பிடித்தார். பேர் வந்தது, காரீயம் வந்தது. பெட்டி திறந்தது. டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

செய்தி கம்பெனிக்குள் பரவியது. அந்த மாதத்தில் முப்பத்தெட்டு தொழிலாளிகள் கூண்டுக்கு வந்து எதையாவது மறுத்தார்கள். பதவி உயர்வு கிடைக்காதவர்கள் கம்பெனி கொடுத்த காலண்டரை மறுத்தார்கள்.

முப்பத்தெட்டு மனிதர்கள் குப்பையாகப் பதிவான விஷயம் மேலே போனதும், குழு மறுபடி கூடியது. அதே ஓட்டல், அதே கூடம். முனைவர் ஆராவமுதன் துயரத்தோடு இருந்தார். "மாநிலத்துக்கே தலைகுனிவு. அந்தச் சொல்லை உடனே 'மறுப்பு' என்று மாற்றிவிட வேண்டும்."

நான் எழுந்தேன். "ஐயா, முதல்ல தலைமையை ஈயமாக்கிட்டு அப்புறம் இதுக்கு வரலாமே."

"என்ன பேசுகிறீர்கள் இருதயராஜ்? ஒரு கூட்டலுக்கு ஒரே ஒலி. தலைமையை எடுத்துவிட்டு ஈயத்தை வைத்தால், நாளைக் காலை செய்தியில் மாநிலத்தின் ஈயம் கொடியேற்றினார் என்று வரும். எதிர்க்கட்சியின் ஈயம் வெளிநடப்பு செய்தார் என்று வரும். பித்தளைகளெல்லாம் இளிக்கும்!"

ஆக, அது நடக்காது. குப்பைக் கதவையும் இப்போது சாத்தப் போகிறார்கள். இன்னும் ஆறு ஊசி பாக்கி இருந்தது தேசிங்குவுக்கு. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் கழிவுப் பிரிவு புதிதாக எடை பார்த்துப் பதிய வேண்டும்.

"தலைமையை விட்டுடறேன் ஐயா" என்றேன். "இன்னொரு விஷயம், சின்னதுதான். குப்பையை மறுப்புன்னு மாத்தினா, இந்த முப்பத்தெட்டு பதிவும் மாறிடும். போன மாசம் இந்த மாவட்டத்துல முப்பத்தெட்டு பேர் மறுத்தாங்கன்னு செந்நா மேலிடத்துக்குச் சொல்லும். அரசிடம் யாரும் மறுக்கமாட்டாங்கன்னு ஐயாதான் அன்னைக்குச் சொன்னீங்க. அதுவும் பதிவுல இருக்கு."

செம்மல் தண்ணீர் குடித்தார்.

"குப்பை," என்றார் மெதுவாக, "ஒரு வகையில் தொன்மையான பொருள்தான்."

"அகழ்வாராய்ச்சியே அதிலதான் நடக்குது ஐயா."

"குப்பையே நீடிக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம்."

அடுத்த அறையிலிருந்து அதே பிரியாணி வாசனை வந்தது. யாரும் அசையுமுன் நான் கையைத் தூக்கினேன். மணிக்கட்டு நேராக நின்றது. மற்ற மூன்று கைகளும் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எழுந்தன.

கூட்டக் குறிப்பைச் செந்நா மணிக்குரலில் வாசித்தது: "மறுப்பவர் எவருமில்லை. குப்பை முப்பத்தெட்டு. குழு மனநிறைவு தெரிவித்தது."

சாப்பிடாமல் வெளியே வந்தேன். ஓட்டலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் வேண்டாவும் தேசிங்குவும் நின்றிருந்தார்கள். முடிவு என்னவென்று கேட்க வந்திருந்தார்கள். ரோட்டைக் கடக்க முடியாமல் இந்தப் பக்கமே நின்று, கைகளை வாயருகே குவித்துக் கத்தினேன்:

"குப்பைதான்! குப்பையேதான்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் என்னை முறைத்தார்கள். தேசிங்கு மட்டும், தனக்கு யாரோ மாலை போட வருவது மாதிரி, வலது கையைத் தூக்கினார். தொங்கிய மணிக்கட்டு ஒரு விரற்கடை நிமிர்ந்து, நின்றது.